சிங்க்திங்: ‘பெர்மிஷன் டினைட்’ ஒருவழியாகத் தீர்ந்தது

கணினிகளுக்கிடையே ஃபைல்களை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருள் வழியாக மேலூரிலிருந்து வரும் கல்வெட்டுப் படங்களை மதுரை வீட்டு ராஸ்பெரி பை (சிறிய கணினி, இனி ‘பை’) இப்போது ஒன்றுவிடாமல் வாங்கி எழுதுகிறது. தோல்வியடைந்த ஃபைல்கள் என்று சிவப்பில் நின்ற பட்டியல் காலி. எந்தத் தடை எங்கே இருந்தது என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். சிங்க்திங்கை நிறுவுவது, சாதனங்களை இணைப்பது, 8384 போர்ட்டில் திறக்கும் அமைப்புப் பக்கம் எல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான்.

எதற்காக இது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கீழக்குயில்குடி என்று மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைத்தளங்களை நாங்கள் சிலர் படம் எடுத்து வருகிறோம். ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டு சொன்ன மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரே கல்லில் இருக்கிறது. தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கும். வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால்தான் எழுத்து எழும்பி நிற்கும். ஒரே வரியைப் பல கோணத்தில் எடுப்போம், ரா ஃபைல் ஒவ்வொன்றும் 25 எம்பி. இந்தப் பாறைகளில் வருகிறவர் போகிறவரின் கிறுக்கல் கூடிக்கொண்டே போகிறது. பழைய படம் தொலைந்தால் அதே நிலையில் மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் மதுரை, மேலூர், உசிலம்பட்டி மூன்று வீட்டிலும் முழுப் பிரதி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். நடுவில் யாருடைய சர்வரும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையில் சிங்க்திங் தனக்கென்று உள்ள தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பு லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4. ஃபோல்டருக்கு உரிமையாளர் அந்தத் தனிப் பயனரேதான், அனுமதியும் 755 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்). அப்படியும் ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி மறுப்பு. மேலூர்த் தம்பி போனில், “அண்ணே, 777 கொடுத்துருங்கண்ணே, எல்லாரும் எழுதலாம், ஓடிரும்” என்றான். “ஃபோல்டர்ல குறையே இல்லப்பா, அதுக்கு மேல எங்கயோ அடைச்சிருக்கு” என்றேன்.

அந்த ‘மேலே எங்கேயோ’வைக் காட்டிக்கொடுத்த கருவியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். அதன் பெயர் நேம்ஐ. லினக்ஸின் அடிப்படைக் கருவிகள் அடங்கிய யூடில்-லினக்ஸ் தொகுப்பிலேயே வருகிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். அதோடு சிறிய எல் விருப்பத்தையும் ஃபோல்டரின் முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியையும் தனி வரியில் அனுமதி, உரிமையாளர், குழு எல்லாம் சேர்த்து வரிசையாகப் போட்டுவிடும். எனக்கு வந்ததில் வேர் சரி, மீடியா சரி, கடைசி ஃபோல்டரும் சரி. நடுவில் டெஸ்க்டாப் பயனரின் பெயரில் இருந்த ஒரு படியில் மட்டும் உரிமையாளர் ரூட் (நிர்வாகிக் கணக்கு), குழுவும் ரூட், மற்றவர்களுக்கு உரிய மூன்று இடத்திலும் வெறும் கோடு. மதியம் கோபுரவாசல் சாத்திய பிறகு சன்னதிக் கதவு திறந்திருந்து என்ன பயன், அந்த நிலைதான்.

காரணம் இது. டெஸ்க்டாப்பில் டிஸ்க்கைச் செருகியதும் தானாக மவுண்ட் ஆகி ஒரு ஃபோல்டராகத் திறக்கிறதே, அதைச் செய்வது யூடிஸ்க்ஸ். அது மீடியாவுக்குள் பயனர் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அந்த ஒரு பயனருக்கு மட்டும் ஏசிஎல் (தனித்தனிப் பயனருக்கு அனுமதி தரும் கூடுதல் பட்டியல்) மூலம் வழி விடுகிறது. எல்எஸ் கட்டளையில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் அங்கே ஏசிஎல் இருக்கிறது என்று அர்த்தம். கெட்எஃப்ஏசிஎல் கொடுத்தால் யார் பெயர் என்றும் சொல்லிவிடும். நம் லாகினில் எல்லாமே திறக்கும். வேறு பயனராக ஓடும் சர்வீஸுக்கு மட்டும் வழி அடைத்திருக்கும். வீட்டில் சேவை எதையாவது தனிப் பயனரில் ஓட்டுகிறவர்கள் தானியங்கி மவுண்ட்டை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கின் தனி அடையாளமான யூயூஐடியைப் போட்டு, எஸ்ஆர்வி என்ற இடத்துக்குள் ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்தேன். ‘நோஃபெயில்’ சேர்த்திருக்கிறேன், டிஸ்க் இல்லாவிட்டாலும் பை எழுந்துவிடும்.

பரிசோதனையையும் அந்தத் தனிப் பயனராகவேதான் செய்ய வேண்டும். வேறு பயனராகக் கட்டளை ஓட்டும் சூடோவில் யூ விருப்பம் கொடுத்து, அந்தப் பயனர் பெயரில் ஒரு காலி ஃபைலை டச் செய்து பாருங்கள். நம் பெயரில் எழுத முடிந்தது என்பதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

புதுப் படங்கள் வர ஆரம்பித்தன. ஆனால் பழைய டிஸ்க்கிலிருந்து உரிமையாளர் மாறாமல் நகலெடுத்த கீழவளவு ஃபோல்டரில் மட்டும் அதே மறுப்பு. அங்கே இருந்த குறிப்பு ஃபைல்களின் அனுமதி 666. யாரும் எழுதலாம், சிங்க்திங்கால் மட்டும் முடியவில்லை. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். சிங்க்திங் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேல் எழுதுவதே இல்லை. அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி, சிங்க்திங் என்ற பெயரும் கடைசியில் டிஎம்பியும் உள்ள ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதையும் எழுதி, சரிபார்த்து, அப்புறம் பெயர் மாற்றிப் பழையதின் இடத்தில் வைக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழைய ஃபைல் பிழைத்திருப்பதற்குக் காரணம் இந்த முறைதான், அதற்காகவே எனக்கு இந்த மென்பொருளைப் பிடிக்கும். லினக்ஸில் புது ஃபைல் உண்டாக்குவதும் பெயர் மாற்றுவதும் ஃபோல்டரின் எழுதும் அனுமதியைச் சேர்ந்தவை. ஃபைலின் 666-ஐ அங்கே யாரும் கேட்பதில்லை. லாகில் வந்த வரியை நன்றாகப் பார்த்தால், மறுக்கப்பட்டது அந்த டிஎம்பி பெயர்தான் என்று தெரியும்.

இதே ஃபோல்டரை நான் மேசைக் கணினியிலிருந்து சம்பாவிலும் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) திறந்து குறிப்பு எழுதுகிறேன். அதனால் உரிமையை ஒருவர் பெயருக்கு மாற்றினால் மற்றவருக்கு அடைபடும். ‘கல்வெட்டு’ என்று ஒரு குழு உண்டாக்கி இரண்டு பயனரையும் சேர்த்து, எல்லா ஃபோல்டரின் குழுவையும் அதற்கு மாற்றினேன். ஃபோல்டர்களுக்கு மட்டும் 2775 கொடுத்தேன்; முன்னால் நிற்கும் 2 இருந்தால் உள்ளே உருவாகும் எல்லாமே அதே குழுவில் விழும். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் சிங்க்திங் சர்வீஸுக்கு யூமாஸ்க் 0002 (புது ஃபைல்களில் குழுவின் எழுதும் அனுமதியைக் கழிக்காத அமைப்பு). குழுவில் சேர்த்த கையோடு சர்வீஸை மறுபடி தொடங்குவது கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தான் தொடங்கியபோது இருந்த குழுப் பட்டியலையே வைத்திருக்கும்.

பிறகு வந்தது ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’. பார்க்க முந்தையது போலவே இருக்கும், வேறு நோய். எழுத வழி இருக்கிறது. ஆனால் ஃபைலின் அனுமதியை மாற்ற உரிமையாளராகவோ ரூட்டாகவோ இருக்க வேண்டும். மேலூரில் யாரோ அனுமதியை மட்டும் மாற்றினால், இங்கே சிங்க்திங் என் பெயரில் உள்ள ஃபைலுக்கு சிஎச்மோட் (அனுமதியை மாற்றும் கட்டளை) செய்யப் பார்க்கிறது, லினக்ஸின் மையமான கெர்னல் மறுக்கிறது. ஃபோல்டர் அமைப்பின் மேம்பட்ட பகுதியில் அனுமதிகளைப் புறக்கணிக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கியதும் போய்விட்டது. படங்களுக்கு எந்த அனுமதி இருந்தது என்பதை ஊர்விட்டு ஊர் அனுப்பிப் பாதுகாக்கத் தேவையே இல்லை.

மூன்றாவது ரகம் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’. இது வந்தால் அனுமதிகளைத் தொடவே வேண்டாம், நேராக டிமெசேஜை (கெர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள். எனக்கு அங்கே ‘அண்டர்-வோல்டேஜ்’ (மின்னழுத்தக் குறைவு) என்று வரிசையாக நின்றது. பை 4-ல் நான்கு யூஎஸ்பி வாய்க்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதற்கே மூச்சு வாங்கும், டிஸ்க் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், கெர்னல் சேதம் கூடாமலிருக்க எழுதுவதை நிறுத்திவிடும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கினேன். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் முதலில் எடுத்துக்கொடுத்ததில் அடாப்டர் செருகும் துளையே இல்லை. பெட்டியில் மட்டும் படம் போட்டிருந்தது. கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள், ஒரு பழைய டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோய்ச் சுற்றவிட்டுப் பாருங்கள். பையையும் ஹப்பையும் ஒரே யூபிஎஸ்ஸில் போட்ட பிறகு டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, ஃபைல் அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பிழை வரவில்லை.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன், இதில் எனக்கு நல்ல திருப்தி. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சேட்டர் கட்டளையால் கூட்டல் ஐ குறி (எதையும் மாற்ற முடியாதபடி பூட்டுவது) போட்டுவிட்டேன். டிஸ்க் இல்லாத நேரத்தில் ரூட் பயனர்கூட அதற்குள் எழுத முடியாது. எஸ்டி கார்டு நிரம்பும் பேச்சுக்கே இடமில்லை. டிஸ்க் வந்து உட்கார்ந்ததும் அதன் சொந்த அனுமதிகள்தான் செல்லும்.

அடுத்தது உசிலம்பட்டி. அங்கே உள்ள நண்பரின் டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் அமைப்பு. ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றலாம் என்றேன், விண்டோஸ் லேப்டாப்பிலும் அதைச் செருக வேண்டும் என்கிறார். எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் என்பதே கிடையாது, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை பலிக்காது. யார் பெயர், எந்தக் குழு, என்ன மாஸ்க் என்பதை மவுண்ட் செய்யும் வரியிலேயே சொல்ல வேண்டும். அந்த வரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். அனுமதிகளைப் புறக்கணிக்கும் தேர்வையும் முதலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு அங்கே போகும்போது கீழக்குயில்குடி ஃபோல்டரை டிஸ்க்கிலேயே எடுத்துக்கொண்டு போய் நகலெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு எடுக்கும் படங்களை மட்டும் இணையம் வழியாக அனுப்புவதாகத் திட்டம்.