கிளிமீனுக்கு எந்தப் பெயர்?

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மீன்களின் டிஎன்ஏ பார்கோடு எடுக்கும், அதாவது ஒரு மரபணுத் துண்டை வைத்து இனத்தை அடையாளம் காணும் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் வரும். சதைத் துணுக்கிலிருந்து சிஓஐ மரபணுவின் சுமார் 650 எழுத்துத் துண்டைப் பெருக்கி, வரிசை படிக்க வெளியே அனுப்புவோம். அதுவரை கைவேலை. அப்புறம் முழுக்கக் கணினிதான்.

டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்து வைக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க் 1982லிருந்து இருக்கிறது; நம் வரிசைக்கு ஒத்ததை அதில் தேடித்தரும் பிளாஸ்ட் நிரல் 1990ல் வந்தது. நெட்டிலேயே தேடலாமே, டெஸ்க்டாப்பில் எதற்கு யூஜீன் என்ற வரிசை ஆய்வு மென்பொருள் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், மழையில் நெட் படுத்தும் பாடு தெரிந்ததே. ஆனால் அது சின்னக் காரணம்.

ஒரு கிளிமீன் வரிசையைப் போட்டுத் தேடினோம். மேல் வரிகளிலேயே நெமிப்டெரஸ் ஜப்பானிகஸ், நெமிப்டெரஸ் ராண்டலி என்று இரண்டு பெயர்கள். இரண்டுக்கும் 99 சதவீதத்துக்கு மேல் பொருத்தம். ஜென்பேங்கில் இனப் பெயரைச் சொல்வது வரிசையை அனுப்பியவர். அவர் மீனைத் தப்பாக அடையாளம் கண்டிருந்தால் தப்பான பெயரே நிற்கும். மென்பொருள் எழுத்தை ஒப்பிடும், மீனைப் பார்க்காது. "மக்களே, மொத வரியப் பாத்து பேரு எழுதிராதீங்க" என்று சார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதனால் பதிவுகளை இறக்கி, மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எங்கே பிடித்தது என்ற விவரங்களைப் பார்த்துப் பிரித்தோம். மாதிரி எண் இல்லாதவை தனி ஃபோல்டருக்குப் போயின. மிச்சத்தை மட்டும் வைத்து, எங்கள் கணினியிலேயே பிளாஸ்ட் தேட ஒரு தரவுத்தளம் கட்டினோம். என்னைக் கேட்டால் தேடுவதை விட இந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான் டெஸ்க்டாப் மென்பொருள் வேண்டும். கூடவே படமும் வேண்டும்: வாலின் மேல்நுனியில் நீளும் இழை ஜப்பானிகஸுக்கு மஞ்சள், ராண்டலிக்குச் சிவப்பு. பெட்டியில் ஐஸோடு அமுங்கி வரும் மீனில் அந்த இழை ஒடிந்திருக்கும்; ஏலக்கூடத்திலேயே படம் எடுத்தால்தான் உண்டு.

இறக்கி வைத்த நகலுக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. ஜென்பேங்கில் வரிசை மாறினால்தான் பதிவு எண்ணின் கடைசியில் .1 போய் .2 வரும். இனப் பெயரை மட்டும் திருத்தினால் எண் அப்படியே இருக்கும், நம் நகலில் பழைய பெயர் கிடக்கும். ஃபோல்டர் பெயரிலேயே இறக்கிய தேதியைப் போட்டு, அறிக்கை எழுதும் முன் திரும்ப இறக்கி ஒப்பிட்டுப் பார்ப்போம்.