வெறுங்கால் நாயகன்

நேற்று ராத்திரி மறுபடியும் 'டை ஹார்ட்'. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கொள்ளையர்கள் பிடித்துவைக்கும் ஆபீஸ் கட்டடத்தில் தனியாளாக மாட்டும் போலீஸ்காரராக ப்ரூஸ் வில்லிஸ் நடித்த ஹாலிவுட் படம். அது கிறிஸ்துமஸ் படம்தானா என்று வருஷாவருஷம் நடக்கும் சண்டைக்கு நான் வரவில்லை. (1988இல் அது வெளியானது ஜூலை மாதம்!)

நான் அசந்துபோவது திரைக்கதையைப் பார்த்துத்தான். விமானத்தில் நாயகனிடம் பக்கத்து சீட்காரர் சும்மா ஒரு யோசனை சொல்கிறார்: போய்ச் சேர்ந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து கால்விரல்களை மடக்குங்கள், களைப்பு போய்விடும். ப்ரூஸ் வில்லிஸ் அப்படி வெறுங்காலோடு இருக்கும்போதுதான் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அப்புறம் படம் முழுக்க வெறுங்காலோட்டம். வில்லன் கண்ணாடியைச் சுடச் சொல்லும்போது நம் பாதம் கூசுகிறது.

நாயகனுடைய மனைவியின் கைக்கடிகாரமும் அப்படித்தான். முதலில் ஆபீஸ் பந்தா. கிளைமாக்ஸில் வில்லனின் உயிரே அதன் கொக்கியில்!

ஆனால் எனக்கு உச்சம் பெட்டகத்தின் அந்தக் கடைசிப் பூட்டு, மின்காந்தப் பூட்டு. கொள்ளையர்களால் திறக்க முடியாது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் வழக்கமான நடைமுறைப்படி கரண்ட்டைத் துண்டிக்கிறது, பெட்டகம் தானாகத் திறக்கிறது. போலீஸே திருடனுக்குக் கூலியில்லாத வேலையாள்!

வெளியிலிருந்து ரேடியோவில் நாயகனுக்குத் துணை நிற்கும், துப்பாக்கி எடுக்கவே முடியாதிருந்த போலீஸ்காரர் பவல் கடைசியில் ஒரு கொள்ளையனைச் சுடுவது மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. உங்களுக்கு?