ஓடாத சாயத்துக்கு ஏன் ஃபாஸ்ட் என்று பெயர்?

"அண்ணா, ஃபாஸ்ட் கலர்னா சீக்கிரம் போயிடற கலருங்களா?"

லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு தாராபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். அவள் கையில் அன்றைய டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தது. வாஷிங் ஃபாஸ்ட்னஸ், ரப்பிங் ஃபாஸ்ட்னஸ், லைட் ஃபாஸ்ட்னஸ் என்று வரிக்கு வரி அதே சொல். அவளுக்குத் தெரிந்த ஃபாஸ்ட் எல்லாம் ஃபாஸ்ட் பாசஞ்சர், ஃபாஸ்ட் ஃபுட், ஃபாஸ்ட் பவுலர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஃபாஸ்ட் கலர் என்பது தண்ணீர் பட்டதும் ஓடிப்போகும் கலராகத்தானே இருக்க வேண்டும்?

திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு 50 தடவையாவது சொல்லியிருப்பேன், எழுதியிருப்பேன். "அப்படி இல்லம்மா, சாயம் போகாத கலரைத்தான் ஃபாஸ்ட் கலர்னு சொல்றது" என்றேன். பதில் சரிதான். "அப்புறம் ஏனுங்கண்ணா அதுக்கு ஃபாஸ்ட்னு பேரு?" என்று அவள் அடுத்துக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு வீட்டில் அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். கேள்வியில் நியாயம் இருந்தது என்பது முதல் காரணம். இன்னொரு காரணம், இந்தச் சொல்லால் ஒரு காலத்தில் எனக்கு நடந்த ஒரு காரியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஃபாஸ்ட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேகம் என்ற பொருளே கிடையாது. உறுதி, அசையாமல் பிடித்திருப்பது, இதுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ஃபெஸ்ட் என்றால் உறுதியானது. கதவைத் தாழிட, பெல்ட்டை மாட்ட ஆங்கிலத்தில் ஃபாசன் என்று சொல்கிறோமே, அதுவும் இதே வேர். அசையாமல் தூங்குகிறவனை ஃபாஸ்ட் அஸ்லீப் என்கிறார்கள். வேகமாகத் தூங்க யாராலும் முடியாது. அது கெட்டித் தூக்கம். கப்பலைத் துறையில் கயிறு போட்டுக் கட்டுவதற்கும் மாலுமிகள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாக் கயிறும் கட்டியாகிவிட்டது, கப்பல் இனி நகராது என்பதைச் சொல்ல 'ஆல் ஃபாஸ்ட்' என்பார்கள். எங்கள் பனியன் பெட்டிகள் ஏறிப்போகும் தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்று காலையில்கூட யாராவது வயர்லெஸ்ஸில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? உறுதியாக என்பது பலமாக என்று ஆனது. பலமாக அடி, பலமாக இழு, பலமாக ஓடு. பலமாக ஓடினால் சீக்கிரம் போய்ச் சேருவோம் இல்லையா? இடைக்கால ஆங்கிலத்தில் ஓடுவதோடும் சவாரி செய்வதோடும் சேர்ந்து சேர்ந்து, இந்தச் சொல்லுக்கு வேகமாக என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. வேகமான குதிரை, வேகமான ஆள் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்துச் சொல்லும் வழக்கம் அதற்கும் பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பழைய பொருள் ஒழிந்துபோகவில்லை. துணியிலும் கயிற்றிலும் தூக்கத்திலும் அப்படியே தங்கிவிட்டது.

இது நமக்கு ஒன்றும் அந்நியமான யோசனை இல்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நேரமாகிவிட்டால் "கொஞ்சம் அழுத்துப்பா" என்கிறோம். விசை என்றால் பலம், விசையாக என்றால் வேகமாக. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போனபோது கடி என்ற சொல் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் தமிழய்யா நடத்தியது. கடி என்ற ஒரே உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் பத்துப் பொருள் சொல்கிறது. அந்தப் பத்தில் காப்பும் இருக்கிறது, விரைவும் இருக்கிறது. கடிநகர் என்றால் காவலுள்ள நகரம், கடிது என்றால் விரைவாக. ஒருபக்கம் அரண் போட்டு நிறுத்துவது, மறுபக்கம் பாய்ந்து போவது. இராமன் வில்லை எடுத்ததைக் கண்டவர்கள், நாணேற்றிய வேகத்தில் அதைக் காணவில்லை, இற்ற சத்தத்தைத்தான் கேட்டார்கள் என்று சொல்லுமிடத்தில் கம்பன் போட்டிருக்கும் சொல் கடுப்பு. அங்கே அதற்கு வேகம் என்று பொருள். எங்கள் லேபில் கடுப்பு என்றால் வேறு. ஆனால் கடுஞ்சிவப்பு, கடும்பச்சை என்று அடர்த்தியான நிறத்தைச் சொல்வதிலும் அதே கடுதான் நிற்கிறது.

பட்டினி கிடப்பதற்கும் ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றுதானே பெயர்? அதுவும் இதே வேர்தான். உறுதியாக ஒன்றைக் கடைப்பிடிப்பது என்பதிலிருந்து வந்தது. பிரேக்ஃபாஸ்ட் என்பது அந்த நோன்பை முடிப்பது. நம் நோன்பும் இப்படித்தான் பிறந்திருக்கிறது. நோல் என்றால் பொறுத்துக்கொள், தாங்கு. நோன்மை என்றால் வலிமை, பொறுமை. அந்த வலிமையின் வீட்டுப்பிள்ளைதான் நோன்பு. கொங்குப் பக்கம் எந்தப் பண்டிகையையும் நோம்பி என்றுதான் சொல்வோம். சின்ன வயதிலிருந்து வாயில் புழங்கிய சொல்லுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அந்த ராத்திரி எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் தேடி முடித்த பிறகுதான் என் அம்மாவின் சொல் நினைவுக்கு வந்தது. கெட்டி. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "சாயம் கெட்டிங்களா?" ஃபாஸ்ட் கலருக்கு இதைவிடச் சரியான தமிழ் இல்லை. நான் 20 வருஷம் அதை மறந்து போயிருந்தேன்.

கேட்டதோடு அம்மா விட மாட்டார். கட்டை விரலை நாக்கில் தொட்டு, சேலையின் முந்தியில் அழுத்தித் தேய்ப்பார். பிறகு அந்த விரலை அப்பாவின் வெள்ளை வேட்டி ஓரத்தில் ஒற்றிப் பார்ப்பார். சிவப்பு ஒட்டினால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார். எங்கள் லேபில் இருக்கும் கிராக்மீட்டர் செய்வதும் அதே வேலைதான். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு விரல் அதற்கு உண்டு. அதில் 5 சென்டிமீட்டர் சதுர வெள்ளைத் துணியை மாட்ட வேண்டும். 9 நியூட்டன் அழுத்தத்தில் சாயத் துணிமேல் 10 தடவை போய்வரும். முதலில் காய்ந்த துணியில், அடுத்து வெள்ளைத் துணியை நனைத்து. அம்மா செய்தது ஈரத் தேய்ப்பு. அதுதான் கடினமான பரீட்சை. கருப்பும் நேவியும் கடுஞ்சிவப்பும் தோற்பது பெரும்பாலும் அதில்தான்.

சலவைக்கு வேறு முறை. 10க்கு 4 சென்டிமீட்டர் அளவில் துணியை வெட்டி, அதோடு ஒரு பட்டையைத் தைப்போம். அசிட்டேட், காட்டன், நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்று ஆறு நூலும் அந்த ஒரே பட்டையில் வரிசையாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் 40 டிகிரியில் 10 ஸ்டீல் குண்டுகளோடு 30 நிமிடம் சுற்றும். வெளியே எடுத்துக் காயவைத்து, எந்தப் பட்டையில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று கிரே ஸ்கேல் என்னும் சாம்பல் நிறப் படி அட்டையோடு ஒப்பிட வேண்டும். 5 என்றால் ஒன்றும் ஒட்டவில்லை, 1 என்றால் மோசம், இடையில் அரை அரையாகப் படிகள். பார்ப்பது மனிதக் கண். அதனால்தான் லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்க வேண்டும் என்று சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். அப்போது வேறொரு பட்டறையில் இருந்தேன். சிவப்பு உடம்பு, கழுத்துக்கு வெள்ளை ரிப், குழந்தைகள் டி-ஷர்ட். லாட் மெஷினில் இருக்கும்போதே அடுத்த லாட் காத்துக்கொண்டிருந்தது. கடும் நிறத்துக்கு இரண்டு சோப்பிங், அதாவது சோப்புத் தண்ணீரில் இரண்டு அலசல், கொடுப்பது வழக்கம். அன்றைக்கு ஒன்றோடு இறக்கிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. மாலை ஏழு மணிக்குத் துணி என்னிடம் வந்தது. "ஃபாஸ்ட்னஸ் ரிப்போர்ட் கொஞ்சம் ஃபாஸ்டா வேணுங்க" என்று போன் மேல் போன். ஒரே வரியில் அந்தச் சொல் இரண்டு பொருளிலும் நிற்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. பட்டை சரியாகக் காயும் முன்பே எடுத்து, டேபிளுக்கு மேலிருந்த டியூப் லைட்டில் பார்த்தேன். காட்டன் பட்டையில் லேசாக ஒரு ரோஸ் தெரிந்தது. மூன்றா, மூன்றரையா என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கை 4 என்று எழுதியது. 4தான் பாஸ்.

துணி கட்டிங் போய், தைத்து, பேக்கிங் மேஜைக்கு வந்த பிறகு, சரக்கு வாங்கும் பையரின் ஆள் ஒரு டி-ஷர்ட்டைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டார். காலையில் கழுத்துப் பட்டை இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு லாட் மொத்தமும் நின்றுபோனது. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. அந்த டி-ஷர்ட்டை என் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, "தம்பி, துணி பொய் சொல்லாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாங்க முடியாமல் இருந்தது.

சோப்பிங் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அன்று நன்றாகப் புரிந்தது. ரியாக்டிவ் சாயங்கள் 1956இல் இங்கிலாந்தின் ஐசிஐ கம்பெனி புரோசியான் என்ற பெயரில் கொண்டுவந்தவை. அதற்கு முன்னால் பருத்தியில் பல சாயங்கள் வெறுமனே ஒட்டிக்கொண்டோ, நூலுக்குள் சிக்கிக்கொண்டோதான் இருந்தன. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதியியல் பிணைப்பாகவே கைகோத்துக்கொள்கிறது. ஆனால் எல்லாச் சாயமும் அப்படிக் கோப்பதில்லை. கொஞ்சம் சாயம் பருத்தியைப் பிடிப்பதற்குள் தண்ணீரையே பிடித்துவிடும். அதற்கு அப்புறம் அதற்குப் பருத்தியைப் பிடிக்கும் சக்தி கிடையாது. ஆனாலும் துணிமேலேயே உட்கார்ந்திருக்கும். நிறமும் அதே நிறம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொதிக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி அலசித்தான் அதை வெளியேற்ற வேண்டும். அதற்கு நேரம் ஆகும், தண்ணீர் ஆகும். அந்த நேரத்தைத்தான் அன்றைக்குச் சேமித்தார்கள். நானும் என் பங்குக்கு ஒரு அரை மணி நேரம் சேமித்தேன்.

பிடிக்காத சாயத்தையே பெருமையாக விற்றவர்களும் உண்டு. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் என்று பெயர் போட்ட கட்டம் போட்ட பருத்திச் சட்டைகள், துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்கும் என்று சொல்லியே விற்கப்பட்டன. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம். நம்மூர்க் கைத்தறியின் குறையை அழகென்று கொண்டாடினார்கள். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

திருப்பூரில் கசிந்த சாயத்துக்கு அப்படி ஒரு கதை இல்லை. துணியில் நிற்காதது நொய்யல் ஆற்றுக்குப் போனது. கூடவே உப்பும் போனது. கடும் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்புப் போடுவோம். நிறத்தையாவது கண்ணால் பார்க்கலாம், உப்பு தெரியாமலே மண்ணைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை விவசாயிகள் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பிறகு திறக்க முடிந்தது. வேலையில்லாமல் இருந்த அந்த மாதங்களில் கோபமாகத்தான் இருந்தேன். ஆற்றங்கரை விவசாயிகள் எங்களுக்கு முன்பே எத்தனையோ வருஷம் கோபமாக இருந்தார்கள் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டி, கடி, நோன்பு, கப்பல் கயிறு. கடைசியில் அந்த வெள்ளைக் கழுத்துப் பட்டையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் வியர்வை டெஸ்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மாயிகூட சாயம் கெட்டியான்னுதாங்கண்ணா கேக்கும்" என்றாள்.

அப்போது டெஸ்பாட்சிலிருந்து போன் வந்தது. அவள்தான் எடுத்தாள். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. "வியர்வை டெஸ்டுங்க. 37 டிகிரியில நாலு மணி நேரம் இருக்கோணும்" என்றாள். மறுபடி ஏதோ சொன்னார்கள் போல. "இல்லைங்க, நாலு மணி நேரந்தாங்க" என்று போனை வைத்தாள். ஒரு சீட்டில் 10.20 என்று எழுதித் தட்டில் ஒட்டினாள். தட்டை ஓவனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.