ஒரிஜினல் சர்டிபிகேட்

இன்னைக்கு தண்டையார்பேட்டை க்ளினிக்குக்கு நர்ஸ் வேலை கேட்டு காசிமேட்டுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. பேசி முடிக்கறதுக்குள்ள பைல்ல இருந்து ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்து என் டேபிள்ல வெச்சிடுச்சு.

"எதுக்கும்மா இது?"

"நீங்க வெச்சுக்கோங்க மேடம், போன எடத்துல அப்படித்தான் வாங்கி வெச்சிருந்தாங்க. வேலைய விட்டதுக்கப்பறம் ரொம்ப நாள் அலைஞ்சு தான் திரும்ப வாங்கினேன்."

பத்தாவது மார்க் ஷீட்டோட ஓரம் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டியிருந்துச்சு.

எனக்கு அவ்ளோ கோவம்.

சர்டிபிகேட் ஒண்ணும் விக்கற சரக்கு இல்ல, அத பிடிச்சு வெச்சுக்க காலேஜுக்கு உரிமை இல்லன்னு பாரிமுனைல இருக்கற ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. படிக்க வெச்ச காலேஜுக்கே இல்லாத உரிமை க்ளினிக் நடத்தற நமக்கு எங்க இருந்து வந்துச்சு? ஆள் திடீர்னு நின்னுட்டா கஷ்டம் தான், எனக்கும் தெரியும், ஊசி போட ஆள் இல்லாம நானே ஓடியிருக்கேன். அதுக்கு நோட்டீஸ் பீரியட் போட்டு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுங்க, ஒழுங்கா சம்பளம் குடுங்க.

பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, வந்துடும், மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு சம்பளத்துல அவங்க பங்கு 0.75%, நம்ம பங்கு 3.25%. நம்மள மாதிரி நாலஞ்சு பேர் இருக்கற க்ளினிக்ல பெரும்பாலும் அதுவும் கெடையாது, அதனால தான் கைல ஒரு பேப்பராவது இருக்கணும்னு சொல்றேன்.

வேலை நேரம், சம்பள தேதி, லீவு எல்லாம் போட்டு தமிழ்லயே ஒரு பக்க ஆர்டர் வெச்சிருக்கேன். க்ளினிக் நடத்தறவங்க யாருக்கு வேணும்னாலும் இன்பாக்ஸ்ல கேளுங்க, அனுப்பறேன்.