சனிக்கிழமை பட்டுவாடா

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் என்றால் சனிக்கிழமைதான். ஆபீஸ் ஆட்களுக்கு மாதக் கணக்கு. டைலர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று உள்ளே நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு வாரக் கணக்கு, அதிலும் சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்கு பீஸ் ரேட், அதாவது முடித்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி. நான் அங்கே அக்கவுண்ட்ஸில் பல வருஷம் இருந்தவன். சனிக்கிழமை மதியம் பேங்கிலிருந்து பணம் வந்ததும் சில்லறை பிரித்து, ஆளுக்கொரு கவரில் போட்டு, மேலே பெயரையும் ஷிப்டையும் எழுதி அடுக்கி வைப்பது என் வேலை. சம்பளம் எப்படி நிற்கிறது என்பதை வாங்குகிறவர்களுக்கு முன்பே பார்த்துவிடும் இடம் அது.

ஒரே நாளில் நின்றுவிடாது. முதலில் சனிக்கிழமை சாயங்காலம் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஆகும். அப்புறம் "இந்த வாரம் பாதி வாங்கிக்கங்க, அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் சொல்வார். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் ஒழுங்காக இருக்கும், பி.எஃப். பாஸ்புக்கில் ஏறியிருக்காது. இந்தக் கடைசி அடையாளத்தை யாரும் கவனிப்பதில்லை. கையில் வருகிற பணம் குறையாதவரை பி.எஃப். கணக்கைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆனால் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்கிற கம்பெனி, சம்பளத்திலும் கைவைக்கப் போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பணம் தட்டுப்பாடான வாரத்தில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். கரண்ட் பில் முதலில், கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்தது சாயப்பட்டறை, பணம் போகாமல் துணி வெளியே வராது. அப்புறம் நூல் கடை. லேபர் எப்போதும் கடைசி வரிதான். அவர் கெட்டவர் இல்லை, வீட்டு விசேஷத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறவர். லேபர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவருக்கு வரவேண்டியதும் வராமல் கிடந்தது உண்மை. சிறு நிறுவனங்களின் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பில்களில் மூன்று மாதம் கழித்து வந்ததெல்லாம் உண்டு. ஆனால் சரக்கு வாங்கிய பார்ட்டி பணம் தரவில்லை என்பது சம்பளத்தை நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. 1936-இல் வந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வாரச் சம்பளம் வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே வர வேண்டும். எங்கள் சனிக்கிழமை வெறும் ஊர்ப் பழக்கம் இல்லை, சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நாமே வேலையை விட்டாலும், கம்பெனியே நிறுத்தினாலும், இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். "செட்டில்மெண்டுக்கு 45 நாள் ஆகும்" என்று ஹெச்.ஆர். சொல்வது அவர்கள் வசதிக்குச் சொல்வது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். பாக்கி கேட்டு மனுப் போட மூன்று வருஷம் அவகாசம். சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, தொழிலாளி இல்லை.

ஆனால் நீ இங்கே வேலை பார்த்தாயா என்ற கேள்வி அதற்கு முன்னால் வந்து நிற்கும். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று ஒரு தீபாவளி சமயத்தில் பார்த்தேன்.

எங்கள் கம்பெனிக்குள்ளேயே மெஷின் போட்டு ஒரு காண்ட்ராக்டர் பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் பிரிவு, நடத்திக்கொண்டிருந்தார். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். போனஸ் நெருங்குகிற நேரம், நாலு வாரச் சம்பளம் பாக்கி, ஆள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனவர்களை "இது சிவில் கேஸும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தார்கள். அது தொழிலாளர் துறைக்குப் போய், எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. பைலைத் தூக்கிக்கொண்டு மேனேஜருடன் போனவன் நான்தான். அதாவது, நான் எதிர்த்தரப்பு.

"காண்ட்ராக்டருக்கு பில் செட்டில் பண்ணிட்டோம் சார். இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார் மேனேஜர். அதிகாரி தலையை நிமிர்த்தவே இல்லை. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது நீங்கள், கொடுக்க வேண்டும், அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு என்றார். மேனேஜர் உடனே அடுத்த படிக்குத் தாவினார். "சரி சார், யார் யாருக்கு எவ்வளவுன்னு கணக்கு எங்கே?"

காண்ட்ராக்டர் சம்பளப் பதிவேடு வைத்திருக்கவில்லை. அறை கொஞ்ச நேரம் கம்மென்று ஆனது. அப்போது ஓவர்லாக் டைலர் அக்கா ஒருவர் பையிலிருந்து பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதிவரை யாரோ போட்ட பின்னக் கணக்கு. அதற்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் கீழே அன்றைக்குத் தைத்த துணிக்கட்டுகளின் பண்டல் சீட்டுகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். ஸ்டைல் நம்பர், சைஸ், பண்டல் நம்பர், பீஸ். பக்கத்தில் பென்சிலில் கூட்டல். ஓரிரு சீட்டில் மெஷின் ஆயில் கறை.

"யாரும்மா இதை எழுதுனது?"

"எம் பொண்ணுங்க சார், ஏழாவது படிக்குது. நான் சொல்லச் சொல்ல எழுதுமுங்க."

என்னிடம் இருந்த, துணி வெட்டிய கணக்கு எழுதும் கட்டிங் நோட்டில் அதே பண்டல் நம்பர்கள் இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பார்த்துக்கொண்டே வந்தேன். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "டேலி ஆகுதாப்பா?" என்றார். "ஆகுதுங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது, நோட்டு அதிகாரி கண் முன்னால் விரிந்து கிடக்கிறது.

அந்த ஒரு நோட்டு, கூட வேலை பார்த்த வேறு சிலருக்கும் உதவியது. அதே பண்டல்களில் காலர் வைத்தவர், பேட்லாக் தையல் அடித்தவர் யார் என்று அக்காவே சொல்ல, அவர்கள் கணக்கும் ஏறக்குறைய சரியாக வந்தது. மற்றவர்களுக்குக் கேட்டில் இருந்த வருகைப் பதிவை வைத்து, குறைந்தபட்சக் கூலி விகிதத்தில் நாள் கணக்குப் போட்டார்கள். பீஸ் ரேட்டில் வேகமாகத் தைக்கிறவர்களுக்கு அது நஷ்டம்தான். அட்வான்ஸ் வாங்கியதைக் கழித்துக்கொண்டு, கம்பெனி இரண்டு தவணையில் கொடுத்தது. இரண்டாவது தவணை தீபாவளி முடிந்துதான் வந்தது.

2016 நவம்பருக்கு முன்னால் நடந்தது இது, எல்லாமே ரொக்கம். ரூபாய் நோட்டு செல்லாமல் போன பிறகுதான் எங்கள் லேபரில் பலருக்கு பேங்க் கணக்கே திறந்தோம். இன்றைக்கு வாரா வாரம் அக்கவுண்டில் ஏறுகிற பணமே வேலை பார்த்ததற்கு ஒரு சாட்சி. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் "நாளை நைட் உண்டு, வந்துடுங்க" என்று போடுவதும் சாட்சிதான், அழிக்காமல் வைத்திருந்தால். வெறும் வவுச்சரில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. தொகை எழுதாத வவுச்சர் பின்னால் எந்தத் தொகைக்கும் ஆகும். எத்தனை பேர் போட்டுக் கொடுத்தார்கள் என்பது பைல் கட்டியவனுக்குத் தெரியும்.

ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் சிலரும் அதே பவர்டேபிளில் கைமடிக்கிற ஹெல்பர் வேலையில் இருந்தார்கள். காண்ட்ராக்டர் பிடித்த அறையில் தங்கியிருந்தவர்களை, அவர் போனதும் வீட்டு ஓனர் வெளியே அனுப்பிவிட்டார். விசாரணைக்கு அவர்களில் யாரும் வரவில்லை. அதிகாரி அவர்களைப் பற்றியும் கேட்டார். கேட் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா நாளும் ஒரே மாதிரி, "ஹெல்பர் - 6" என்று எழுதியிருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. செட்டில்மெண்ட் தாளில் அவர்களுக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை.