மருந்துக்கடையில் பெயரின் வாலைப் பாருங்கள்

கடையில் சம்பந்தமே இல்லாத மருந்து கைமாறினால் வீட்டில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். முக்கால்வாசி சரியாக இருந்து, வால் மட்டும், அதாவது கடைசியில் வரும் எண்ணோ எழுத்தோ மட்டும் மாறிய பெயர்தான் ஏமாற்றும். சர்க்கரை நோய்க்கான கிளைகோமெட் 500 என்பது வெறும் மெட்ஃபார்மின். கிளைகோமெட் ஜிபி 2-இல் கூடவே சர்க்கரையை இறக்கும் இன்னொரு மருந்தான கிளிமிபிரைடு 2 மி.கி. இருக்கிறது. முதலாவதுக்குப் பதில் இரண்டாவது வந்து, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும். ரத்த அழுத்தத்துக்கான டெல்மா 40, டெல்மா ஏஎம், டெல்மா ஹெச் மூன்றும் ஒரே மாத்திரை அல்ல.

அதனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே சீட்டை வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: எது எதற்கு, தினமுமா, எத்தனை நாளைக்கு? கையெழுத்து புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் வேண்டாம். ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை அல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, தெளிவாக, கூடுமானவரை ஆங்கில கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-இலேயே விதியைத் திருத்தியது.

தினமுமா என்ற கேள்வி உயிர் காக்கும் இடமும் உண்டு. முடக்குவாதத்துக்குத் தரும் ஃபோலிட்ராக்ஸ், அதாவது மெதோட்ரெக்சேட், வாரத்தில் ஒரு நாள் மட்டும். கூடவே எழுதித் தரும் ஃபோல்வைட் ஃபோலிக் ஆசிட். பெயரும் ஒன்றுபோல ஒலிக்கும், சீட்டிலும் அடுத்தடுத்து இருக்கும். மாற்றி, மெதோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், வெள்ளையணுக்கள் சரியும், உயிரே போகலாம். அட்டை மேல் மார்க்கரால் 'ஞாயிறு' என்று கிழமையை எழுதிவிடுங்கள்.

"அதே மருந்துதான், வேற கம்பெனி" என்றால் பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் ஒப்பிடுங்கள். பின்னால் வரிசை நிற்கட்டும். அட்டையை வெட்டித் தந்தால் காலாவதித் தேதி இருக்கும் துண்டைக் கேளுங்கள்.

குழந்தை மருந்தில் வால் என்பது ஒரு மில்லியில் எவ்வளவு என்பதே. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 250 மி.கி. என்றால் 150 மி.கி.க்கு 3 மில்லி. மில்லிக்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸில் அதே 3 மில்லி 300 மி.கி. ஆகிவிடும், இரட்டிப்பு. வீட்டு ஸ்பூனும் வேண்டாம், பாட்டிலோடு வந்த மூடியோ டிராப்பரோதான்.

இன்சுலினிலும் இதே கணக்குதான். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 உள்ளதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள், பேட்ச் எண் அதில் இருக்கும். தவறான மாத்திரை உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் டாக்டர், கடைக்காரருடன் சண்டை அப்புறம். அட்டையையும் பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கவும் அவை இரண்டும் வேண்டும்.