"குரோம்ல ஓடுதே சார்!"

இந்த வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஸ்டாக் கணக்குக்காக நான் எழுதிய மென்பொருள் பைத்தானில் ஓடுவது. ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகம் வழியாக என் சர்வரோடு பேசும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வீட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். வாடிக்கையாளர் அலுவலகத்தில் மட்டும் "சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு", அதாவது சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற பிழை. அதே முகவரி அங்கே குரோமில் அழகாகத் திறக்கிறது.

முதலில் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்து ஒரு பதிப்பு அனுப்பினேன். ஓடியது, பாராட்டும் வந்தது. ஆனால் பாஸ்வேர்டு போகிற இணைப்பு அது. நடுவில் யார் உட்கார்ந்தாலும் தெரியாது. மறுநாளே திரும்ப வாங்கிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். நெட்வொர்க் பார்ப்பவர் "எங்க பக்கம் எதுவும் இல்ல சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கடுப்பில் லேப்டாப்பை என் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டேன். ஓடியது! மறுபடி அலுவலக வைஃபைக்கு வந்து, சர்வர் காட்டும் சான்றிதழை அப்படியே காட்டும் ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையில் பார்த்தால், என் சர்வர் சான்றிதழை வழங்கியது நான் வாங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் இல்லை, அவர்களுடைய நெட்வொர்க்கின் காவல்காரனான ஃபயர்வால்!

அது எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தோடு ஒட்டி அனுப்புகிறது. அந்தக் கையெழுத்தை நம்பச் சொல்லும் அதன் ரூட் சான்றிதழ் எல்லாக் கணினியிலும் விண்டோஸின் சான்றிதழ் ஸ்டோரில் இருந்தது. குரோம் அதை ஏற்றுக்கொள்ளும். ரிக்வெஸ்ட்ஸ் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. கூடவே வரும் சர்டிஃபை என்ற பொதியில் உள்ள நம்பகமான சான்றிதழ்களின் பட்டியல்தான் அதற்கு வேதம்.

தீர்வு ட்ரஸ்ட்ஸ்டோர் என்ற பொதி. இயங்குதளத்தின் சான்றிதழ் ஸ்டோரையே கேட்கும். பைத்தான் 3.10 வேண்டும், நான் 3.8-இல் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை போச்சு. ட்ரஸ்ட்ஸ்டோரைச் செயல்படுத்தும் வரி ரிக்வெஸ்ட்ஸை இறக்குமதி செய்வதற்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் போட்டு ஒரு மணி நேரம் விழித்தேன்.

விண்டோஸ் சரி, லினக்ஸ் சரி. மேலாளரின் மேக்கில் மட்டும் அவர்களுடைய உள் சர்வரோடு பேச மறுத்தது. இந்த முறை சஃபாரியிலும் திறக்கவில்லை. பார்த்தால், பத்து வருடம் செல்லும்படி அவர்களே போட்டுக்கொண்ட சான்றிதழ். 2019 ஜூலை 1-க்குப் பிறகு வழங்கிய சான்றிதழின் ஆயுள் 825 நாளைத் தாண்டினால் மேக் ஏற்காது.

நெட்வொர்க்காரருக்கு நானே போன் போட்டேன். "எங்க பக்கம் எதுவும் இல்ல சார்."